அரித்த பலகை இறந்த பலகையா?

பழைய கணிப்பொறிகளைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், விசாரணைக்கு முன்பே எழுதி வைத்ததைப் போல ஒரு தீர்ப்பு தயாராக வந்து நிற்கிறது. மூடியைத் திறந்து பார்த்தபோது உள்ளே பாட்டரி கசிந்து, மதர்போர்டின் மேல் நீலமும் பச்சையுமாகக் களிம்பு பூத்திருந்தால், அந்த யந்திரத்தின் ஆயுள் முடிந்தது, தேறுகிற ஐ.சி.க்களைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தைக் குப்பைக்கு அனுப்பிவிட வேண்டியதுதான் என்பது அந்தத் தீர்ப்பு. அந்தக் கணிப்பொறி செய்ததையெல்லாம் இன்றைய கணிப்பொறியே எமுலேட்டர் என்னும் மென்பொருளைக் கொண்டு செய்துகாட்டுகிறபோது, செம்புத் தடத்தைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது வீண் வேலை என்கிறார் ஒருவர். கை வைத்தால் அசல் கெட்டுவிடும், அரித்தது அரித்தபடியே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கட்டும் என்கிறார் இன்னொருவர். எறிந்துவிடு என்பதும் தொடாதே என்பதும் ஒன்றுக்கொன்று நேர் விரோதமானவை. ஆயினும் அரித்த பலகையைப் பழுது பார்க்க வேண்டாம் என்ற ஒரே முடிவில் அவை சென்று கூடுகின்றன. அந்த முடிவு தவறானது என்பதும், அதனால் திரும்பக் கிடைக்காத பொருள்கள் நாள்தோறும் அழிந்துகொண்டிருக்கின்றன என்பதும் என் உறுதியான அபிப்பிராயம். பூர்வபட்சத்தை அதன் முழுப் பலத்தோடும் எடுத்துரைத்த பிறகே சித்தாந்தத்தைச் சொல்ல வேண்டுமென்பது நம் வாத மரபு. அந்த முறைப்படியே இந்த வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

அரித்த பலகை இறந்த பலகை என்பது முதல் வாதம். இதற்கு ஆதாரமில்லை என்று சொல்லமாட்டேன். 1991ஆம் ஆண்டில் கமடோர் நிறுவனம் வெளியிட்ட அமிகா 500 பிளஸ் என்ற கணிப்பொறியை எடுத்துக்கொள்வோம். மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் கடிகாரம் ஓடுவதற்காக, அதன் பலகையிலேயே 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பாட்டரி ஒன்று பற்றவைக்கப்பட்டிருந்தது. அமிகா 3000, 4000 ஆகியவற்றிலும், இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் செய்த ஏ3000 கணிப்பொறியிலும், உலகமெங்கும் பரவியிருந்த 386, 486 மதர்போர்டுகள் பலவற்றிலும் இதே வகைப் பாட்டரிதான் இருந்தது. யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். பரண்மேல் ஏற்றி வைத்து ஆண்டுகள் பல கழிந்தபின், முற்றிலும் வற்றிய பாட்டரியின் அடைப்பு தளர்ந்து, உள்ளிருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற கடுங்காரம் வெளியே ஊர்கிறது. தேங்கி நிற்பது அதன் சுபாவமன்று. உலோகத்தைப் பற்றிக்கொண்டு ஏறி, தடங்களின் ஓரமாகப் படர்ந்து, பச்சைப் பூச்சின் அடியில் புகுந்து, துளைகளின் வழியாக மறுபக்கத்துக்கும் இறங்கிவிடுகிறது. வெள்ளீயமும் காரீயமும் அமிலத்தில் கரைவது போலவே காரத்திலும் கரையக்கூடியவை. ஆதலால் பளபளப்பான பற்றுகள் சாம்பல் பூத்து மங்குகின்றன. காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளச் செம்பு களிம்பேறி, மயிரிழையாகத் தேய்ந்து, கடைசியில் அற்றுப்போகிறது. இது கண்கூடான நாசம். இதைக் கண்டு மனம் தளர்கிறவரை நான் குறை கூறவில்லை.

ஆனால் இவ்வளவு நாசத்திலும் இறந்தது எது என்ற கேள்வியை அவர்கள் கேட்பதில்லை. அந்தக் காலத்துப் பலகைகளில் செம்புத் தடத்தின் கனம் பெரும்பாலும் 35 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரை முப்பது பங்காக்கினால் ஏறக்குறைய ஒரு பங்கு. ஓரிடத்து மின்சாரத்தை மற்றோரிடத்துக்குக் கொண்டு சேர்ப்பது ஒன்றே அதன் கடமை. அந்தக் கடமையைச் செய்ய அந்தச் செம்புதான் வேண்டுமென்ற நியதி ஏதுமில்லை. அதே இரண்டு புள்ளிகளை இணைக்கும் எந்தக் கம்பியும் அதைச் செய்யும். யந்திரத்தின் அறிவு முழுவதும் இருப்பது கறுப்புப் பிசினுக்குள் மூடிய சிலிக்கான் சில்லுகளில். காரம் அவற்றின் கால்களைக் கடிக்கிறதே தவிர உள்ளே புகுவது அபூர்வம். வாய்க்கால் தூர்ந்ததனால் வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால், ஏரி செத்துவிட்டதென்று எந்தக் குடியானவனும் சொல்வதில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தூர் வாரப் போகிறான்.

அந்தத் தூர் வாரும் வேலை எப்படி நடக்கிறதென்பதை, அத்தகைய பலகை ஒன்றை மேஜைமேல் வைத்துக்கொண்டு பார்ப்போம். முதலில் பாட்டரியின் கால்களை வெட்டி அதை அப்புறப்படுத்த வேண்டும். பிறகு வெள்ளை வினிகரைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுக் களிம்பின்மேல் ஒற்றினால், ஒற்றிய இடத்தில் மெல்லிய நுரை எழும்பும். கசிந்த காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்துப் பொட்டாசியம் கார்பனேட்டாக மாறியிருக்கிறது. வினிகரின் அமிலம் பட்டதும் குடித்த வாயுவைத் திரும்ப உமிழ்கிறது. ஆகவே நுரை எழும்பும்வரை விஷம் மிச்சமிருக்கிறதென்று அறிந்து, அது அடங்கும்வரை ஒற்ற வேண்டும். அடங்கியதும், பாட்டரிக் கடைகளில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டரால் ஒன்றுக்கு இரண்டு முறை கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு ஈரத்தை விரட்டி, நன்றாக உலர விட வேண்டும்.

உலர்ந்த பலகையைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, கண்ணாடி இழைப் பேனாவால் மெதுவாகத் தேய்த்தால், பொருக்கு விட்டிருந்த பச்சைப் பூச்சு தானே உதிர்ந்து, அடியிலுள்ள தடம் வெளிப்படும். சில இடங்களில் கறுத்த மேற்படலம் போனவுடன் செம்பு தன் இளஞ்சிவப்பு நிறத்தைக் காட்டும். அங்கே, ஈயம் ஒட்டிக்கொள்ள உதவும் பிளக்ஸ் என்ற பசையைத் தடவிப் புது ஈயம் பூசிவிட்டால் அந்தத் தடம் பிழைத்தது. சில இடங்களில் தேய்க்கத் தேய்க்கக் கறுப்புத்தான் வரும், பிறகு பலகையின் வெறும் உடல்தான் தெரியும். அந்தத் தடத்துக்கு மாற்றுக் கம்பி வேண்டும். காரம் தின்ற பழைய பற்றின்மேல் பற்றவைக்கும் இரும்பை வைத்தால், 183 டிகிரியில் உருக வேண்டிய ஈயம் கல்லைப் போல அசையாதிருக்கும். அழுத்திப் பிடித்தால் அடியிலுள்ள செம்பு வட்டமே பெயர்ந்து வந்துவிடும். அதற்குப் பதிலாக, பிளக்ஸோடு சிறிது புது ஈயத்தை அதன்மேல் கொடுத்து ஒரு கணம் பொறுத்தால், புதியது பழையதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு உருகும். பலாத்காரத்துக்கு இணங்காதது பக்குவத்துக்கு இணங்குகிறது.

இதன்பிறகு யந்திரத்துக்கு மின்சாரம் கொடுத்தால், திரை முழுவதும் பச்சை நிறம் பரவி அப்படியே நின்றுவிடுகிறதென்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் அனுபவமில்லாதவர் கை கழுவுகிறார். ஆனால் அமிகாவில் இந்த நிறமே ஒரு பாஷை: ஆரம்பச் சோதனையில் ரோம் சில்லு தவறினால் சிவப்பு, நினைவகம் தவறினால் பச்சை. செத்த யந்திரம் தன் வியாதி இன்னதென்று சொல்லுமா? சர்க்யூட் வரைபடத்தை விரித்து, மல்டிமீட்டரின் ஒரு முனையை நினைவகச் சில்லின் காலிலும் மற்றொரு முனையை அந்தக் கால் சென்று சேர வேண்டிய இடத்திலும் வைத்து, ஒவ்வோர் இணைப்பாகச் சரிபார்த்துக்கொண்டே போனால், பதினைந்து இணைப்புகளில் 'பீப்' என்ற ஒலி கேட்கும், பதினாறாவதில் மௌனம். கண்ணுக்கு முழுசாகத் தோன்றிய அந்தத் தடம், பூச்சின் அடியில், ஊசிமுனை அளவுள்ள ஓரிடத்தில் அற்றிருக்கிறது. கால் மில்லிமீட்டர் கனமுள்ள ஒற்றை இழைக் கம்பியை அளவாக வெட்டி இரு முனையிலும் பற்றவைத்தபின், மல்டிமீட்டர் ஒலிக்கிறது. மறுபடியும் மின்சாரம் கொடுத்ததும் திரை கரும் சாம்பலிலிருந்து இளஞ் சாம்பலுக்கும், அதிலிருந்து வெண்மைக்கும் மாறி, முடிவில் வட்டைச் செருகும்படி கேட்கும் படம் எழுந்து நிற்கிறது. விரல் நீளமுள்ள ஒரு கம்பிக்கும் அந்தப் படத்துக்கும் நடுவே இருந்ததைத்தான் நாம் மரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அப்படியானால் பழுது பார்க்கப் புகுந்த பலகைகள் பல உண்மையிலேயே பாழாகிப்போனதாகச் சொல்கிறார்களே என்று கேட்கலாம். பாழானது உண்மைதான், அவற்றுள் பலவற்றைப் பாழாக்கியது அரிப்பைக் காட்டிலும் அவசரம். வினிகரை ஊற்றிவிட்டுத் தண்ணீரால் கழுவாமல் விட்டவர், காரத்தை வெளியேற்றி அமிலத்தைக் குடிவைத்தார். வியாதி இன்னதென்று அறியாமல் மருந்து கொடுத்தவரும் உண்டு. பழைய மக்கின்டோஷ்களில் இருக்கும் சிறிய லித்தியம் பாட்டரி வெடித்துக் கசிந்தால் வருவது காரமன்று, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும் பொருள். அதன்மேல் வினிகரை விடுவது எரியும் வீட்டில் எண்ணெயை விடுவது. அதற்கு வேண்டியது நம் அடுக்களையிலுள்ள ஆப்பச் சோடா. 1989ஆம் ஆண்டு வெளிவந்த மக்கின்டோஷ் எஸ்.இ./30இலோ பெரும்பாலும் குற்றவாளி பலகைமேல் ஒட்டியிருக்கும் சிறு அலுமினியக் கப்பாசிட்டர்கள். அவை கசிந்தால் திரையில் வரிவரியாகக் கோடுகள் தோன்றும், ஒலி தேயும். அங்கே கப்பாசிட்டர்களை மாற்றி, கசிந்ததை முற்றும் துடைத்து, அற்ற தடங்களைச் சேர்க்க வேண்டும். மூன்று வியாதிக்கு மூன்று சிகிச்சை. நாடி பார்க்காமல் மருந்து கொடுத்து நோயாளி மாண்டால் வைத்திய சாஸ்திரத்தையே பழிப்பது நியாயமாகுமா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பல அடுக்குகள் கொண்ட பலகையில் காரம் உள் அடுக்குகளுக்குள் நெடுந்தூரம் புகுந்து, பலகையே கருகியது போல் ஆகிவிட்டால், அதைக் காப்பாற்ற முடியாமற்போவதுண்டு. அப்பொழுது சில்லுகளை எடுத்துப் புதிதாக அச்சிட்ட பலகையில் ஏற்றுவதே முறை. ஆனால் எல்லாவற்றுக்கும் அதையே பரிகாரமாகச் சொல்கிறவர்கள் ஓர் உண்மையை மறக்கிறார்கள். கமடோர் 1994இல் திவாலானது. அமிகாவின் படத்தையும் ஒலியையும் ஆண்ட அக்னஸ், டெனிஸ், பாலா என்ற தனிச் சில்லுகளை அந்தப் பழைய வார்ப்பில் இன்று செய்வாரில்லை. புதுப் பலகை எத்தனை வேண்டுமானாலும் அச்சிடலாம். அதில் ஏற்ற வேண்டிய சில்லு வரவேண்டியது பழைய பலகையிலிருந்துதான். நல்ல பலகையைச் செத்ததென்று சொல்லிச் சில்லுகளை உருவுவது, பிழைக்கக்கூடியவனைப் பிணவறைக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும்.

மேலும், இந்த யந்திரங்கள் பழுது பார்க்கப்படுவதற்காகவே பிறந்தவை. 1978இல் ஆப்பிள் II கணிப்பொறிக்காக வெளியிட்ட கையேட்டில் அதன் முழு சர்க்யூட் வரைபடமும் இருந்தது. ரோமிலுள்ள நிரலையும் வரி வரியாக அச்சிட்டிருந்தார்கள். 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யின் தொழில்நுட்பக் கையேடும் அவ்வாறே வரைபடங்களையும் பயாஸ் என்ற தொடக்க நிரலையும் வெளிப்படையாகத் தந்தது. சில்லுகளின் கால்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் நின்றன. சாதாரண இரும்பும் நிதானமான கையும் போதும். செய்தவனே வரைபடத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போன ஒரு பொருளை, அந்த வரைபடத்தைப் பிரித்துக்கூடப் பாராமல் ஆகாதென்று தள்ளுவதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இனி எமுலேட்டர் வாதம். எமுலேட்டர்களை நான் சிறிதும் இகழவில்லை; அவற்றை எழுதியவர்களின் உழைப்பு வணங்கத்தக்கது. நான் மறுப்பது, எமுலேட்டர் இருப்பதால் யந்திரம் வேண்டாம் என்ற அனுமானத்தை மட்டுமே. எமுலேட்டர் எதைப் பார்த்து எழுதப்பட்டது? மெய்யான யந்திரத்தில் ஒரு சோதனை நிரலை ஓட்டி, அது என்ன செய்கிறதென்று அளந்து, மென்பொருளும் அதையே செய்யும்வரை திருத்தித் திருத்தியே எழுதப்பட்டது. கையேட்டில் எழுதாத குணங்கள் யந்திரத்தில் எத்தனையோ உண்டு. கமடோர் 64இன் ஒலிச் சில்லான 6581இன் வடிகட்டி, வார்ப்பில் நேர்ந்த சிறு வேற்றுமைகளால், சில்லுக்குச் சில்லு வேறுபட்டு ஒலிக்கிறது. எந்த எமுலேட்டரின் ஒலி சரியானதென்று தீர்மானிக்க அந்தச் சில்லுகளிடமே அல்லவா போக வேண்டும்? பிரமாணம் அழிந்தபின் பிரதியின் பிழையைக் காட்ட யார் இருக்கிறார்கள்?

நமக்கு இது புதிய விஷயமன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், ஓர் ஏட்டை மட்டும் நம்பாமல் பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் கண்டார். அச்சுப் புத்தகம் வந்துவிட்டதே என்று ஏடுகளை அடுப்பிலிடவில்லை. அவர் தேடிச் சேர்த்த ஏடுகள் அவர் பெயரால் விளங்கும் சென்னை நூல்நிலையத்தில் இன்றும் காக்கப்படுகின்றன. எமுலேட்டர் அச்சுப் பதிப்பு, யந்திரம் ஏடு. பூச்சி அரித்ததென்று ஏட்டை எறிந்துவிடுகிற சமூகம், பதிப்பில் பிழை புகுந்தால் அதைத் திருத்தும் வழியையும் எறிந்துவிடுகிறது.

இங்கிலாந்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்குச் சாட்சி. 1086இல் எழுதிய டூம்ஸ்டே என்னும் நிலக் கணக்கேட்டின் 900ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, பி.பி.சி. நிறுவனம் 1986இல் நாடு முழுவதையும் பற்றிய செய்திகளையும் படங்களையும் லேசர் வட்டுகளில் பதித்தது. பதினாறு ஆண்டுகளுக்குள்ளாகவே அவற்றைப் படிக்கும் கருவிகள் அருகிப்போயின. தோலில் எழுதிய பழைய ஏட்டைப் படிப்பதில் யாருக்கும் இடையூறில்லை. புதியதோ ஊமையாகும் நிலைக்கு வந்துவிட்டது. 2002இல் காமிலியான் என்ற ஆராய்ச்சித் திட்டத்தினர் அதை எமுலேட்டரில் ஓட்டிக் காட்டினார்கள். எமுலேட்டரின் வெற்றி என்று இதைக் கொண்டாடுகிறவர்கள், அந்த வட்டிலுள்ளதை வெளியே எடுக்க முதலில் பழைய கருவி தேவைப்பட்டது என்பதைச் சொல்ல மறக்கிறார்கள். பழையது ஓடினால்தான் புதியது பிறக்கிறது.

கடைசி வாதம், அசல் கெட்டுவிடும் என்பது. இதைச் சொல்கிறவர்கள் பழமையின்மேல் பக்தியுள்ளவர்கள்; ஆதலால் அவர்களிடம் பணிவோடு பேச விரும்புகிறேன். அரித்ததை அரித்தபடியே விடுவதால் எதுவும் அப்படியே இருந்துவிடாது. கண்ணாடிப் பெட்டி காரத்தைத் தடுக்காது. பூட்டிய பெட்டிக்குள்ளும் அது ஈரத்தை உறிஞ்சித் தின்றுகொண்டே இருக்கும். தொடாமல் வைப்பது காப்பாற்றுவதாகத் தோன்றினாலும், அழிவைக் காண்பதற்கு ஆசனம் போட்டு உட்காருவதே ஆகும். கோயில் விமானத்தில் அரசமரம் வேர்விட்டுக் கல் பிளந்தால், ஆகம வழி நின்ற நம் பெரியோர் அந்தப் பிளவையும் புராதனமென்று போற்றவில்லை; வேரைக் களைந்து, கல்லை மாற்றி, ஜீர்ணோத்தாரணம் செய்து, விளக்கேற்றினார்கள். கல் மாறியதால் கோயில் வேறாகிவிடவில்லை. கணிப்பொறியும் ஓடுவதற்கென்று செய்த பொருள்; அதன் அசல் அதன் ஓட்டத்திலும் இருக்கிறது. 1951இல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் கட்டப்பட்ட டெகட்ரான் கணிப்பொறியை வருஷக்கணக்காக உழைத்துச் செப்பனிட்டு, 2012ஆம் ஆண்டு நவம்பரில் பிளெட்ச்லி பார்க்கிலுள்ள கணிப்பொறிக் காட்சிசாலையில் மறுபடியும் ஓடவிட்டபோது, அதன் பழமைக்குக் குறைவு வந்ததென்று யாரும் சொல்லவில்லை. உலகில் ஓடிக்கொண்டிருக்கும் மிகப் பழைய அசல் டிஜிட்டல் கணிப்பொறி என்ற பெயரே அதற்குக் கிடைத்தது. நேர்மையான பழுதுக்கு ஒரு தர்மமுண்டு என்பதை மட்டும் வலியுறுத்துவேன். செய்வதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வைக்க வேண்டும். எந்தத் தடத்துக்கு எந்தக் கம்பி போட்டோமென்று எழுதி வைக்க வேண்டும். நாளை இன்னொருவர் கழற்றக்கூடிய விதத்தில் செய்ய வேண்டும். அவ்வாறு போட்ட கம்பியை ஒளிக்க வேண்டிய அவசியமில்லை. அந்த யந்திரத்தின் சரித்திரத்தில் அதுவும் ஒரு வரி.

இந்த வாதங்களுக்கு அப்பால், செலவுக்கு ஏற்ற பலனில்லை என்று விலை பேசுவோரும் உண்டு; அவர்களுக்கு விடை சுருக்கமானது. ஒரு பழைய கணிப்பொறியின் சந்தை விலையையும் அதற்குச் செலவிட்ட மணிகளையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் நஷ்டமாகத்தான் தோன்றும். ஆனால் அந்த மணிகளில் கை கற்றுக்கொண்ட பொறுமையும், ஒரு யந்திரம் எவ்வாறு சிந்திக்கிறதென்று தடம் தடமாகப் பின்தொடர்ந்து அறிந்த ஞானமும் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

நான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அரிப்பு நம் வாதப் பிரதிவாதங்கள் முடியும்வரை காத்திருப்பதில்லை. இன்று பத்து நிமிஷத்தில் துடைத்துவிடக்கூடிய கசிவு, இன்னும் சில மழைக்காலங்கள் கழிந்தால் பத்துத் தடங்களைத் தின்றிருக்கும். ஆதலால் அரித்த பலகை இறந்ததா இல்லையா என்ற என் வாதத்தை ஒருவர் ஏற்காமற்போனாலும் பாதகமில்லை. ஒரே ஒரு காரியத்தை மட்டும் செய்யுமாறு வேண்டிக்கொள்கிறேன். வீட்டுப் பரணிலோ அலுவலக மூலையிலோ பழைய கணிப்பொறி ஒன்று தூசி படிந்து கிடக்குமானால், அதை மேஜைமேல் இறக்கி, திருகுகளைக் கழற்றி, மூடியைத் திறந்து பாருங்கள். பலகையின் ஓரத்தில், விரற்கடை நீளத்தில், பீப்பாய் வடிவமான பாட்டரி ஒன்று பற்றவைத்திருந்தால், அதன் இரண்டு கால்களையும் இன்றே வெட்டிவிடுங்கள். பழுது பார்ப்பதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். வெட்டுவதைத் தள்ளிவைக்க முடியாது.